குஜெங்: எதைப் போட்டாலும் மோகனமாகவே கேட்கிறதே?

அடையாறுவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக ராத்திரி வேலை முடிந்ததும் சீன இசைதான் ஓடுகிறது. குஜெங் என்று ஒரு வாத்தியம். ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி, மேலே வரிசையாகக் கம்பிகள், ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு குட்டிக் 'குதிரை' (மரக்கட்டை). யாரோ அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்தேன். அன்றிலிருந்து யூடியூப் என்னை விடுவதாக இல்லை.

ஓசை பிடித்துப்போய்விட்டது. ஆனால் ஒரு மனக்குறை. எதைப் போட்டாலும் மோகனம். மூங்கில் காடு, மலை, மூடுபனி என்று திரையில் படம் மாறுகிறது, ராகம் மட்டும் மாற மாட்டேன் என்கிறது. நடுநடுவே மேலிருந்து கீழ்வரை 'சர்ர்ர்' என்று ஒரு வருடல். முதல் தடவை சொக்கிப்போனேன். இப்போதெல்லாம் அது வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

நம் ஆட்கள் யாராவது இதை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறதா, இல்லை மசாஜ் நிலையத்தில் ஓடவிடுகிற இசை இவ்வளவுதானா? வம்புக்கு இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வீணைக்காரி எழுதியது:

உங்கள் காதில் கோளாறு இல்லை. இன்றைக்குப் புழங்கும் குஜெங்கில் 21 கம்பிகள். வழக்கமான சுருதியில் அவை ச ரி2 க3 ப த2, மறுபடியும் ச ரி2 க3 ப த2 என்று நாலு ஸ்தாயிக்கு அடுக்கப்பட்டிருக்கும். மத்யமத்துக்கும் நிஷாதத்துக்கும் கம்பியே கிடையாது. குழந்தை கையை வைத்து இழுத்தாலும் மோகனம்தான் வரும். அந்தச் சர்ர் எல்லாக் காணொளியிலும் வருவதற்கு இதுதான் காரணம். அதில் அபஸ்வரம் விழ வழியே இல்லை.

அதே கம்பிகளில் ஆதாரத்தை, அதாவது ச என்று எடுத்துக்கொள்ளும் கம்பியை, மாற்றிப் பாருங்கள். ரிஷபத்தில் நின்றால் மத்யமாவதி. காந்தாரத்தில் இந்தோளம், பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. நம் கிரகபேதக் கணக்கேதான். சீனர்களும் இந்த ஐந்தையும் கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். எனவே நீங்கள் மோகனம் என்று நினைத்த பலவற்றில் பாட்டு எங்கே போய் உட்காருகிறது என்று கவனித்தால் வேறு ஒன்றாக இருக்கும்.

ஆனால் இது மேல்தோல். அடுத்த தடவை வலது கையை விட்டுவிட்டு இடது கையைப் பாருங்கள். குதிரைக்கு வலப்பக்கம் மீட்டுகிறார்கள். அதே கம்பி குதிரைக்கு இடப்பக்கமும் நீண்டிருக்கிறது இல்லையா, அங்கே இடது கையின் இரண்டு மூன்று விரல்கள் அழுத்துகின்றன. அழுத்தினால் கம்பி இறுகும், சுருதி ஏறும். காந்தாரக் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றினால் மத்யமம். தைவதக் கம்பியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் நிஷாதம். நாம் வீணையில் கம்பியை மெட்டு என்கிற உலோகப் படியின் மேல் ஒதுக்கி இழுக்கிறோமே, அதே வேலை. நமக்கு விரலுக்கடியில் மெட்டாவது இருக்கிறது, அவர்களுக்கு வெறும் காற்று. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஏறும் என்பது கம்பிக்குக் கம்பி மாறும்.

இன்னொன்று. அழுத்தினால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. மேலிருந்து வழுக்கி வர வேண்டுமென்றால் முதலில் அழுத்தி வைத்துக்கொண்டு, அப்புறம் மீட்டி, மெதுவாக விட வேண்டும். மீட்டுவதற்கு முன்பே மௌனமாக இருக்கும் கம்பியில் சரியான இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். வீணையில் அந்தத் தொல்லை எனக்கும் உண்டு என்பதால் சொல்கிறேன், இது லேசுப்பட்ட காரியமில்லை.

பீப்பி எழுதியது:

எங்கள் ஊர் சைனீஸ் ஓட்டலிலும் இதேதான் ஓடுகிறது. கோபி மஞ்சூரியன் வரும்வரை மோகனம், பில் வந்ததும் முகாரி.

சரி, சந்தேகம் ஒன்று. குங்ஃபூ படங்களில் தாடி வைத்த பெரியவர் ஒருவர் மடியில் வைத்து வாசிப்பாரே, அதுவும் இதுதானா?

ஈசூன்_அக்கா எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிறையப் பள்ளிகளில் குஜெங் குழு ஓர் இணைப்பாட நடவடிக்கை. பேட்மின்டனில் இடம் கிடைக்காமல் நான் அதில் போய் விழுந்தவள். குழுவில் ஒரே தமிழ்ப் பிள்ளை. வீணைக்காரி சொன்னதெல்லாம் சரி, கொஞ்சம் உள்ளே இருந்து சொல்கிறேன்.

வலது கையில் சுண்டுவிரல் தவிர நாலு விரலுக்கும் செயற்கை நகம். அதை டேப் சுற்றித்தான் ஒட்ட வேண்டும். இறுக்கிச் சுற்றினால் விரல் நுனி ஊதா நிறமாகிவிடும். தளர்வாகச் சுற்றினால் வேகமான இடத்தில் நகம் கழன்று முன்வரிசை மேல் போய் விழும். கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்னால் வந்து பார்த்தால் அத்தனை பேரும் பல்லால் டேப் கடித்துக்கொண்டு இருப்போம். இடது கையில் அப்போது எங்களுக்கு ஒன்றும் கிடையாது, வெறும் விரல். கம்பி பதிந்து இரண்டு கோடு விழும். கொஞ்ச மாதத்தில் அந்த இடம் காய்த்துவிடும்.

21 கம்பியில் எது எது என்று எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்து கம்பிக்கு ஒன்று பச்சை. அது பஞ்சமம். பச்சையைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வந்துவிடும்.

எங்கள் ஆசிரியர் புதுப் பிள்ளைகளைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார். நீளமான உருப்படி எதுவும் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு மத்யமம் வாசியுங்கள் என்பார். இருபது பேர் காந்தாரக் கம்பியை அழுத்துவோம். இருபது மத்யமம் வரும். யாருடையது சரி என்று யாருக்கும் தெரியாது, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டுவார். 'நீ மேலே, நீ கீழே, நீ தூங்கிவிட்டாய்.'

அவர் தியோச்சூக்காரர், அதாவது சாவ்ஜோ பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர். அடையாறுவாசி அண்ணனின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். குவாங்டோங் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர் அது. அவர்களுடைய பழைய சுரலிபியில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண்களால் ஸ்வரங்களைக் குறிப்பார்கள். மூன்று என்றால் தைவதம், ஆறு என்றால் காந்தாரம், ஐந்து என்றால் ரிஷபம். இதை வைத்து மூன்று பாணி. 'இலேசான மூன்று ஆறு' என்றால் அந்த இரண்டு கம்பியையும் அழுத்தாமல் விடுவது. நீங்கள் சொல்லும் மோகனம் இதுதான். 'கனமான மூன்று ஆறு' என்றால் தைவதத்தை அழுத்தி நிஷாதமாகவும், காந்தாரத்தை அழுத்தி மத்யமமாகவும் வாசிப்பது. சுருதி சேர்க்கத் திருப்பும் பிரடையைத் தொடவே மாட்டார்கள். கம்பி அதே கம்பி, கை கனத்துவிட்டது, ராகம் மாறிவிட்டது. மூன்றாவது 'உயிருள்ள ஐந்து'. அதில் ரிஷபத்தையும் சும்மா விட மாட்டார்கள். அழுத்தி, தளர்த்தி, மறுபடி அழுத்தி, அது ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். துக்கமான பாட்டுக்கு அதைத்தான் எடுப்பார்கள்.

'லியூ சிங் நியாங்' என்று ஒரு பழைய சாவ்ஜோ பாட்டு மெட்டு. இதே மெட்டை எல்லாப் பாணியிலும் வாசிப்பது அங்கே வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து மோகனம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

வீணைக்காரி எழுதியது:

ஈசூன்_அக்கா, கைகொடுங்கள். 'கனமான' பாணியைத் தாளில் எழுதினால் ச ரி ம ப நி, நம் மத்யமாவதி. ஆனால் கேட்டால் மத்யமாவதி இல்லை. சாவ்ஜோக்காரர்களின் மத்யமம் நம் சுத்த மத்யமத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நிஷாதம் நம் தாழ்ந்த கைசிகியும் இல்லை, உயர்ந்த காகலியும் இல்லை, நடுவில் எங்கேயோ. ஹார்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது. முதல் தடவை கேட்கும்போது சுருதி சேரவில்லையோ என்று தோன்றும். ஒரு பத்து நிமிடம் பொறுத்தால் காது அந்த இடத்தை ஏற்றுக்கொண்டுவிடும். அப்புறம் பியானோவோடு சேர்த்து வாசித்த அதே பாட்டைக் கேட்டால் உப்பில்லாத சாப்பாடுதான்.

'குளிர்காலக் காகங்கள் நீரில் விளையாடுவது' என்ற உருப்படி இந்தக் கனமான பாணியில் இருக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டுக் காகம் எங்கே என்று தேட வேண்டாம். மத்யமத்தைத் தேடுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

பீப்பி, தாடிக்காரர் மடியில் இருப்பது வேறு. அது குச்சின். ஏழே கம்பி. கம்பிக்குக் கம்பி குதிரை கிடையாது, பலகையின் ஓரத்தில் சிப்பியில் பதித்த 13 புள்ளிகள் மட்டும் இருக்கும். இடது கைவிரல் கம்பியோடு பலகையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் மிகச் சிறியது, பக்கத்து அறைக்குக் கேட்காது. மீட்டிய ஒலி செத்த பிறகும் விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், கேட்பவர் மீதியை மனதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டியதுதான். கன்பூசியசிலிருந்து தொடங்கி, படித்தவர்கள் தங்களுக்காக வாசித்துக்கொண்ட வாத்தியம் அது.

குஜெங் அப்படியில்லை. அது சந்தைக்கும் விருந்துக்கும் பிறந்தது. கி.மு. 237-இல் லி சி என்ற அமைச்சர் சின் நாட்டு அரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஜெங் என்று இதன் பெயர் வருகிறது. ஜாடியைத் தட்டி, பானையை அடித்து, ஜெங்கை மீட்டி, தொடையில் தாளம் போட்டு ஊ ஊ என்று பாடுவதுதான் நம் சின் நாட்டின் அசல் இசை, அதை விட்டுவிட்டு வெளியூர் இசையைத்தானே இப்போது கேட்கிறோம் என்கிறார். வெளியூர் அறிஞர்களைத் துரத்தாதே என்று வாதாட அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது. ஆக, எழுத்தில் முதலில் தலைகாட்டும்போதே ஜெங் பானைச் சத்தத்தோடு சேர்ந்துதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறு. தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜூயி (772–846), கைவிடப்பட்ட சின் ஒன்றைப் பற்றி ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். குச்சினுக்கு அப்போது சின் என்றுதான் பெயர் (சின் நாட்டுப் பெயர் வேறு, தமிழில் எழுதினால் ஒன்றுபோல் இருக்கிறது), பழமையைக் குறிக்கும் முன்னொட்டெல்லாம் பின்னால் வந்தது. புள்ளிகள் மங்கிவிட்டன, கம்பியில் தூசி படிந்துவிட்டது. உங்களுக்காக மீட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை, மீட்டினாலும் யாரும் கேட்பதில்லை என்கிறார். இந்த நிலைக்கு யார் காரணம் என்று கடைசியில் அவரே கேட்டு அவரே பதில் சொல்கிறார்: சியாங் இனத்தாரின் குழலும், சின் நாட்டு ஜெங்கும்!

இன்றைக்கு நாம் 'பாரம்பரியம்' என்று கும்பிடுகிற வாத்தியம் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் குத்துப்பாட்டுக்காரன்.

தனி_ஆவர்த்தனம் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா எனக்கு வேலையை மிச்சம் பண்ணிவிட்டார். இந்த இழையில் 'இடது கைதான் உயிர், சர்ர் எல்லாம் மலிவு' என்று ஒரு காற்று அடிக்கிறது. பாய் ஜூயி குஜெங்கைச் சொன்னதைத்தான் நீங்கள் புதுக் குஜெங்கைச் சொல்கிறீர்கள்.

21 கம்பியே புதுசு. தாங் காலத்தில் 12, 13. அந்தப் பதின்மூன்றுதான் ஜப்பானுக்குப் போய் கோதோ ஆனது. பின்னால் 16 வரை வந்தது. இப்போதைய 21 கம்பி, இடது ஓரத்தில் வளைந்து போகும் கட்டை, எஃகின் மேல் நைலான் சுற்றிய கம்பி எல்லாம் 1950களின் இறுதியிலும் 60களிலும் ஷாங்காயில் வாங் ஷுன்ஜி போன்றவர்கள் உட்கார்ந்து வடிவமைத்தது. பட்டுக் கம்பி காலத்து வாத்தியம் என்று நினைத்து யாரும் உருக வேண்டாம்.

1955-இல் ஜாவ் யூஜாய் அறுவடைக் கொண்டாட்டத்தைப் பற்றி ஓர் உருப்படி அமைத்தார். அதில் இடது கையும் குதிரைக்கு வலப்பக்கம் வந்து மீட்ட ஆரம்பித்தது. அது ஒரு பெரிய உடைப்பு. அப்புறம் 1965-இல் வாங் சாங்யுவான், ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவி. துறைமுகத் தொழிலாளர்கள் புயலில் சரக்குகளைக் காப்பாற்றப் போராடுவதைப் பார்த்துவிட்டு 'புயலோடு போர்' அமைத்தார். அதில் குதிரைக்கு இடப்பக்கம், சுருதியே இல்லாத இடத்தில், கம்பிகளை வாரி இழுப்பார் பாருங்கள். அடையாறுவாசி சொல்லும் அதே சர்ர்தான், ஆனால் தகரக்கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். மோகனம் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1980களுக்குப் பிறகு இன்னும் போய்விட்டார்கள். வாங் ஜியான்மின் எழுதிய கற்பனை உருப்படிகளில் ஐந்து ஸ்வர அடுக்கையே கலைத்துவிட்டு, ஸ்தாயிக்கு ஸ்தாயி வேறு மாதிரி சுருதி சேர்க்கச் சொல்கிறார். குதிரைகள் நகரக்கூடியவை என்பதால் அது முடிகிறது. மெட்டு நிலையாக இருக்கும் வீணையில் முடியுமா?

வீணைக்காரி எழுதியது:

முடியாது. பொறாமையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'புயலோடு போர்' பெரிய உருப்படி, அதில் எனக்கு வாதம் இல்லை.

கேள்வி ஒன்றுதான். இடது கையும் மீட்டப் போய்விட்டால் அழுத்துவது யார்? இரண்டு கையும் வலப்பக்கம் இருக்கிற ஒவ்வொரு நொடியும் கம்பி அதற்கு வைத்த சுருதியிலேயே கிடக்கிறது. ஒலி நிறைய, அசைவு குறைவு. சுருதி மாற்றி, வேகம் கூட்டி, அதை ஈடுகட்டுகிறார்கள். திறமைதான். ஆனால் ஹெனான் மாநிலப் பாணியில் சாவ் துங்ஃபூ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தால் எது காணாமல் போனது என்று புரியும். ஹெனான்காரர்கள் ஓர் ஸ்வரத்தை மீட்டிவிட்டு அதை விடவே மாட்டார்கள். இடது கை கனமாக, அகலமாக ஆட்டும். வலது கட்டைவிரல் குதிரைக்குப் பக்கத்தில் அதிர ஆரம்பித்து, அதிர்ந்துகொண்டே ஓரக் கட்டை வரைக்கும் நகர்ந்து வரும். ஒலியின் நிறம் மெதுவாக மாறிக்கொண்டே போகும். அந்த ஊர் நாடகப் பாட்டில் பேச்சு எப்படி ஏறி இறங்குமோ அப்படியே. சீன மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும் அல்லவா, அது கம்பியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தனி_ஆவர்த்தனம் எழுதியது:

சாவ் துங்ஃபூவைக் கேட்டிருக்கிறேன். அழகுதான். ஆனால் ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் மீட்டல் என்று சட்டம் போட்டு வைத்திருந்தால் இன்றைக்குச் சீனாவில் பத்தாம் நிலைத் தேர்வு வரைக்கும் குஜெங் படிக்கும் அத்தனை பிள்ளைகளில் முக்கால்வாசி பேர் பியானோவுக்குப் போயிருப்பார்கள். வாத்தியம் உயிரோடு இருக்க வேண்டுமா, ஒழுங்காக இருக்க வேண்டுமா?

வீணைக்காரி எழுதியது:

இரண்டும் வேண்டும். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

பீப்பி எழுதியது:

பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தேன், அதற்குள் சமாதானமா?

அடையாறுவாசி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. சொன்னதை எல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

ஈசூன்_அக்கா சொன்ன 'லியூ சிங் நியாங்': இலேசான பாணியில் கேட்டபோது வழக்கமான மூங்கில் காடுதான். உயிருள்ள ஐந்து வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே மெட்டு என்று முன்னால் தெரிந்திருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது. அந்த ரிஷபம் நிற்கவே இல்லை. தோடியில் காந்தாரத்தை வைத்துக்கொண்டு ஆட்டுவோமே, அது மாதிரி ஒரு ஸ்வரத்தை ஸ்வரமாகவே வைக்க மறுக்கிறார்கள். தோடி என்று சொல்லவில்லை, வீணைக்காரி அடிக்க வர வேண்டாம்.

'நீரிலிருந்து எழும் தாமரை' என்ற, ஹக்கா என்னும் சீனச் சமூகத்தாரின் உருப்படியை லுவோ ஜியூஷியாங் வாசித்ததாக ஒரு பழைய ஒலிப்பதிவு கிடைத்தது. கம்பி உலோகம் போல, மணி அடிப்பது மாதிரி ஒலி நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு குறைவாக வாசித்துக்கூட ஆளை உட்கார வைக்க முடிகிறது. சர்ர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

'புயலோடு போர்' பிடித்தது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

'மாலையில் பாடும் மீன்பிடிப் படகுகள்'தான் எல்லோரும் முதலில் சிபாரிசு செய்கிறார்கள். முதல் பாதி சுகம். இரண்டாம் பாதியில் சர்ர் மேல் சர்ர் வந்து வேகம் பிடிக்கும்போது பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. அதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

ஈசூன்_அக்கா எழுதியது:

அண்ணே, அந்தப் பாட்டைச் சீனாவில் யாரிடமாவது வாசித்துக் காட்டினால் 'ஓ, வானிலை அறிக்கை' என்பார்கள். 1930களில் லோ ஷூஹுவா அமைத்த உருப்படி. அதை மின்னணு விசைப்பலகையில் வாசித்து மத்தியத் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கைக்குப் பின்னணி ஆக்கிவிட்டார்கள். அதனால் அவர்களுக்குப் படகும் தெரியாது, மாலையும் தெரியாது, நாளைக்கு மழையா என்பதுதான்.

நல்ல கையில் அந்த இரண்டாம் பாதி மோசமில்லை. ஒவ்வொரு இறக்கமும் எந்தக் கம்பியில் வந்து தட்டுகிறது என்று மட்டும் கேளுங்கள். சர்ர் முழுவதையும் கேட்காதீர்கள், அது இறங்கும் படியைக் கேளுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

குச்சின் பக்கம் யாரும் போகவில்லையே. ஒரு துணுக்கு மட்டும். 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் சீனாவின் சார்பில் போனது குச்சின்தான். குவான் பிங்ஹூ வாசித்த 'ஓடும் நீர்', ஏழரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதே தட்டில் இந்தியாவின் சார்பில் பாடகி கேசர்பாய் கேர்கர் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள், ஒரு குரலும் ஒரு கம்பியும் வழுக்குவதில் அப்படி ஓர் ஒற்றுமை.

குச்சின் சுரலிபியில் எந்த விரல், எந்தக் கம்பி, எந்தப் புள்ளி என்று எல்லாம் இருக்கும். காலப்பிரமாணம் மட்டும் இருக்காது. பழைய சுவடியை எடுத்து, இந்த ஸ்வரம் எவ்வளவு நீளம் என்று வாசிப்பவரே வருடக்கணக்கில் மல்லுக்கட்டித் தீர்மானிக்க வேண்டும். குவான் பிங்ஹூ அந்த வேலையில் மன்னர்.

அடையாறுவாசி எழுதியது:

குச்சினுக்குத் தனி இழை போடுங்கள் ஐயா, அங்கே வருகிறேன். இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி. ஒன்று வாங்கலாமா என்று ஆசை வந்துவிட்டது. சென்னை ஈரத்துக்கும் ஏசிக்கும் தாங்குமா? ஒரு கடையில் விசாரித்தபோது சிப்பி வேலைப்பாட்டைக் காட்டியே விலையை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மரவேலை எழுதியது:

இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் வேலை வந்துவிட்டது.

ஒலி வருவது மேல்பலகையிலிருந்து. அது பௌலோனியா மரம், சீனத்தில் வுதோங் என்றும் பாவ்தோங் என்றும் கலந்து சொல்வார்கள். எடை குறைவு, சீக்கிரம் வளரும். ஹெனானில் லான்காவ் என்று ஒரு வறண்ட மணல் மாவட்டம். 1960களின் தொடக்கத்தில் அங்கே கட்சிச் செயலாளராக இருந்த ஜியாவ் யூலூ, மஞ்சள் ஆற்று மணல் பறப்பதைத் தடுக்க இந்த மரத்தை நடச் சொன்னார். வாத்தியம் அவர் கணக்கிலேயே இல்லை. மரம் வளர்ந்த பிறகு பார்த்தால் அதன் பலகை கணீரென்று ஒலிக்கிறது. இன்று அந்த ஊரே குஜெங் பலகை ஊர். கருவி செய்வதில் பெரிய மையம் ஜியாங்சுவில் உள்ள யாங்ஜோ.

மேல்பலகையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தீய்த்திருப்பார்கள், அதனால்தான் அந்தப் பழுப்பு நிறம். ரேகைகள் நேராக, சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கப் பலகையில் செதுக்கிய டிராகன், சிப்பியில் பதித்த மயில், இவற்றுக்கெல்லாம் கொடுக்கிற பணம் கண்ணுக்கு. காதுக்கு ஒன்றும் வராது. ஈரத்தைவிட ஏசிதான் எமன். மழைக்காலத்தில் ஊறிய பலகையை ஏசி அறையில் ராத்திரி பகலாக வைத்தால் விரிசல் விடும். ஏசி காற்று நேராகப் படாத சுவர் ஓரமாக, உறை போட்டு வையுங்கள். கம்பியைத் தளர்த்தி வைக்காதீர்கள், குதிரைகள் சாய்ந்துவிடும். சாய்ந்த குதிரையை நிமிர்த்துவது புதுசாகச் சுருதி சேர்ப்பதற்குச் சமம்.

நீளம் 163 செ.மீ. வாக்கில் இருக்கும். ஆட்டோவில் வராது. லிஃப்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஈசூன்_அக்கா எழுதியது:

மரவேலை ஐயா சொன்னதோடு ஒன்று. வலது கோடியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே 21 பிரடையும் இருக்கும், சாவி போட்டுத் திருப்ப வேண்டும். பழைய வாத்தியம் வாங்கினால் அந்தச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமல் எங்கள் குழுவில் ஒருநாள் முழுக்கத் தவித்தோம்.

அடையாறுவாசி எழுதியது:

லிஃப்டை அளந்தாயிற்று, மூலைவாக்கில் வரும் என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று, சீன எழுத்து தெரியாமல் படிக்க முடியுமா?

ஈசூன்_அக்கா எழுதியது:

தாராளமாக. எண் சுரலிபிதான், நான் முன்னால் சொன்ன பழைய சாவ்ஜோ எண்கள் இல்லை, இது வேறு. 1 என்றால் ச, 2 ரி, 3 க, 5 ப, 6 த. எண்ணுக்கு மேலே புள்ளி வந்தால் மேல் ஸ்தாயி, கீழே வந்தால் கீழ் ஸ்தாயி. 4-ம் 7-ம் வரும் இடத்தில் கம்பி இல்லை, 3-ஐயும் 6-ஐயும் அழுத்த வேண்டும் என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். விரல் குறிகள் பத்துப் பதினைந்து இருக்கும், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு இருந்தால் மீட்டிய பிறகு அழுத்து. கீழ்நோக்கி இருந்தால் அழுத்திவிட்டு மீட்டு, அப்புறம் விடு. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று அம்பில் இருக்காது. அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும், இல்லையென்றால் வீணைக்காரி அக்காவிடம் போய் உட்காருங்கள்.

வீணைக்காரி எழுதியது:

வரட்டும். ஆனால் முதல் ஆறு மாதம் அந்தச் சர்ர் என் வீட்டில் நடக்காது.